தலைகீழாக மாட்டிய தகரம்

செல்வி, குமார், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது குமார் தன்னுடைய பினாங்குத் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னான். சுவரில் பெரிய பலகை, அதில் கலர் கலராக அட்டைகள். இனிமேல் செய்ய வேண்டியது ஒரு பக்கம், கையில் இருப்பது நடுவில், முடிந்தது கடைசியில். "ஜப்பான்காரன் கொண்டுவந்த புது முறைப்பா. சும்மா பார்த்தாலே போதும், எத முதல்ல செய்யணும், யாரு எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறான்னு தெரிஞ்சிரும்" என்றான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு விளங்கவில்லை போல என்று அவன் செல்வியிடம் சொன்னது காதில் விழுந்தது.

விளங்காமல் இல்லை ஐயா. நீங்கள் பிறப்பதற்கு முன்னால், இந்தக் கேமரன் மலையில், அப்படி ஒரு பலகைக்கு ஆணி அடித்தவனே உங்கள் அப்பன்தான். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் புல்லு வெட்டினேன், தேயிலைக் கொழுந்து சுமந்தேன். பிறகு பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சுத்தகடு வைத்து மையடிக்கிற வேலை கிடைத்தது. கை நடுங்காமல் பிரஷ் பிடிப்பேன் என்று பேர் வாங்கினேன். கடைசியில் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டராக ஓய்வு பெற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது நடுவில் இருக்கிறது.

அது கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசர காலம். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். விடிந்த பிறகுதான் கேட் திறக்கும். வெளியே போகும்போது கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறு இருந்தாலும் காட்டுக்குள் இருக்கிறவனுக்குக் கொண்டுபோகிறாய் என்பார்கள். அதனால் வெறும் வயிற்றோடு வேலை, பொழுது சாய்வதற்குள் திரும்பவும் வேலிக்குள்.

வேலை நேரம் சுருங்கியது, வேலை சுருங்கவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும், வாய்க்கால் அடைத்துக்கொண்டிருக்கும், வேலியோரம் புதர் வெட்டச் சொல்லிப் பட்டாளத்து ஆபீசர் ஆள் அனுப்புவார். ஒரு கங்காணி வாய்க்காலுக்கு வா என்பார், பாதியில் இன்னொருவர் வந்து கொழுந்துக்குப் போ என்பார். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் அரையும் குறையுமாகக் கிடக்கும்.

அப்போதுதான் தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்கு உதவியாகப் புதுச் சின்ன துரை வந்தார். யுத்தத்தில் ஏதோ கப்பல் போக்குவரத்து பார்க்கிற அறையில் இருந்தவராம். அங்கே சுவரில் பலகை வைத்து எந்தக் கப்பல் முந்தி, எது பிந்தி என்று பார்ப்பார்களாம். ஆள் நல்ல உயரம், நடக்கும்போது சற்றுக் கூனிக்கொண்டு நடப்பார். தமிழைத் துரைமார்களுக்கென்று எழுதிய ஏதோ புத்தகத்தில் படித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் ஏவல் மட்டும்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வா, போ, காட்டு, சொல்லு. பெரிய கிராணியைக்கூட "கிராணி, உக்காரு!" என்பார். ஆபீஸ் முழுவதற்கும் தலைவரான பெரிய கிராணிக்கு முகம் சுண்டைக்காயாகும். ஆனால் "சொல்லு!" என்று அதட்டிவிட்டு, சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்று கேட்பார். அப்படிக் கேட்ட துரையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

பெரட்டுக் கொட்டகை, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடம், அதன் சுவரில் பழைய பேக்டரிக் கதவு ஒன்றை நிறுத்தினார். பிரஷ் பிடிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார். கதவை நெடுக்காக மூன்றாகப் பிரித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். வரிசையாக ஆணி அடித்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையின் படம் வரைந்தேன், கொழுந்துக்கு இலை, செடியை வெட்டிவிடுகிற கவாத்துக்குக் கத்தி, வாய்க்காலுக்கு மண்வெட்டி என்று. கீழே தோட்டப் பகுதியின் நம்பர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொரு செட்டுக்கும், அதாவது சேர்ந்து வேலை செய்கிற கூட்டத்துக்கும், ஒரு கலர்த் துணி. எந்தச் செட்டு எந்த வேலையை எடுக்கிறதோ, அந்தத் துணியை அந்தத் தகரத்தில் கட்ட வேண்டும்.

முதல் நாள் பச்சைச் செட்டின் தலையாள் மாரிமுத்து என் தகரத்தை எட்டிப் பார்த்தான். "மச்சான், இது கொழுந்தா, நெத்திலியா? நெத்திலின்னா சொல்லுலா, சம்பாலுக்கு ஆகும்" என்றான். கொட்டகையே சிரித்தது. பெரிய கிராணி மட்டும் சிரிக்கவில்லை. "கோழிக்கூட்டுக்குக் கதவு இல்லாம இருக்கு. ரெண்டு மாசத்துல இத அங்க மாட்டிரலாம்" என்றார்.

மூன்று பாகத்துக்கும் துரை வைத்த இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. பெண்கள்தான் வாசல், நடுவீடு, கொல்லை என்று பேர் வைத்தார்கள். வேலை வாசலில் வந்து காத்திருக்கும், நடுவீட்டில் உட்காரும், முடிந்தால் கொல்லைப் பக்கம் போய்விடும். துரையும் அதையே பிடித்துக்கொண்டார். "நடுவீடு காலி இல்லே! புது வேலை வராதே!" என்று பெரிய துரையிடமே சொல்லி, எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

விதிகளைத் தினமும் காலையில் நான் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு செட்டுக்கு நடுவீட்டில் ஒரு தகரம்தான், அது கொல்லைக்குப் போகாமல் அடுத்ததை எடுக்கக் கூடாது. வாசலில் எது மேல் ஆணியில் இருக்கிறதோ அதுதான் முதல் வேலை, எது மேலே போக வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பேசலாம். வேலையில் தடங்கல் இருந்தால் தகரத்தைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இதற்காகவே தகரத்தின் மேலேயும் கீழேயும் ஓட்டை போட்டிருந்தேன். திருப்பிய தகரத்தைப் பார்க்க அன்றைக்கே துரை நேரில் போக வேண்டும். தடங்கல் தீர்ந்த பிறகு, திருப்பியவரே அதை நேராக மாட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குக்கூட முன்னால் நின்றவன் இல்லை நான்.

முதல் சனிக்கிழமை யாரும் வாயைத் திறக்கவில்லை. துரை "சொல்லு! சொல்லு!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலைதான் முன்னால் வந்தாள். என்னை அண்ணன் என்பாள், கூடப் பிறக்காத தங்கச்சி.

"மேட்டுல இருந்து நிறுவைக்கு இறங்குற வழி வழுக்குது தொரை. கூடையோட உருண்டோம்னா கொழுந்தும் போச்சு, இடுப்பும் போச்சு. படி வெட்டிக் குடுங்க."

"எங்கே? காட்டு!"

"காட்டுறேன் தொரை. ஆனா பூட்ஸக் கழட்டிட்டு வாங்க. அப்பத்தான் எங்க கதை தெரியும்."

பெரிய கிராணி "ஏய், வாய அடக்கு!" என்றார். துரை அதற்குள் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறி இறங்கி, பாதியில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "படி! மேல் ஆணி!" என்றார். அந்தப் படி இன்னும் இருக்கிறது. செல்வி, நீ சின்னதில் எண்ணி எண்ணி இறங்குவாயே, அதேதான்.

அந்தச் சில மாதங்கள் போல் என் வேலைக் காலத்தில் பிறகு வரவே இல்லை. வாய்க்கால் வாய்க்காலாக முடிந்தது. கூடை வார் அறுந்தது முதல் நிறுவைத் தராசு தப்பாகக் காட்டுவது வரை, ஆட்கள் தகரத்தைத் திருப்பினார்கள், காரணத்தைச் சொன்னார்கள், துரை போய்ப் பார்த்தார். அதிகம் திருப்பியவன் மாரிமுத்துதான். அவன் பொய்யாக ஒரு தடவை திருப்பியதில்லை. "தொரை நடந்து நடந்து மெலிஞ்சுட்டாரு, அவரு பொஞ்சாதி என்னத்தான் வைவா" என்பான்.

எட்டாம் நம்பர் என்பது காட்டை ஒட்டிய பகுதி. பச்சைச் செட்டு அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை மாரிமுத்து பலகைக்கு வந்து அந்தத் தகரத்தைத் தலைகீழாக மாட்டினான்.

"எட்டாம் நம்பரு. காட்டோரத்துல ஒரு பொந்து மரம். காட்டைப் பார்த்த பக்கம் பொந்துக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. நேத்து எம் பொஞ்சாதியக் கொட்டிருச்சு. அத எடுக்காம செட்டு உள்ள போகாது."

அஞ்சலை கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை வீங்கி, விரல் மடங்கவில்லை. துரை குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி போ!" என்றார். பிறகு தொப்பியை எடுத்தார்.

பெரிய கிராணி குறுக்கே வந்தார். "தொரை, உங்களுக்குக் காவலா வர்ற கவச வண்டி ரிங்லெட் டவுனுக்குப் போயிருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

துரை என் பக்கம் விரலை நீட்டினார். "ரூல்! சொல்லு!"

நான் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தகரத்தைத் திருப்பினால் துரை அன்றைக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்."

"கிராணி, கேளு!" என்று சிரித்துவிட்டு, காவலுக்கு இருந்த இரண்டு மலாய் ஸ்பெசல் கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர் கூன் முதுகு மூடுபனிக்குள் போனதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. எட்டாம் நம்பருக்குத் திரும்புகிற வளைவில் காட்டுக்குள்ளிருந்து சுட்டுவிட்டார்கள். எங்களுக்கு முதலில் பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் போல்தான் கேட்டது. துரை அங்கேயே உயிரை விட்டார். ஒரு ஸ்பெசலுக்குக் காலில் குண்டு. குளவி மரம் வரைக்கும் யாரும் போய்ச் சேரவில்லை.

மறுநாளே பட்டாளம் வந்து, மறைந்து நிற்க இடம் இருக்கக் கூடாது என்று காட்டோரத்துப் புதரை வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியது. அதற்குப் பிறகுதான் போலீஸ் இன்ஸ்பெக்டர் போய் அந்த மரத்தைப் பார்த்தார். கரிந்த மரம் நின்றது. குளவி ஒன்றுகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் யோசித்ததில் தப்பு சொல்ல முடியாது, அதுதான் இன்னும் என்னை அறுக்கிறது. தகரத்தைத் திருப்பினால் துரை வருவார். எந்த இடத்துக்கு வருவார் என்று நம்பரே எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், காட்டுக்குள்ளும் தெரிந்திருக்கும். கவச வண்டி இல்லாத நாளாகப் பார்த்து ஒருவன் திருப்பியிருக்கிறான். வேலைக்கு நல்லது என்று வைத்த விதி, வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குத் தூண்டில் மாதிரி தெரிந்தது.

செட்டுப் பெண்கள் எல்லாரும் குளவியைப் பார்த்தோம் என்றார்கள். அவன் செட்டு அப்படித்தான் சொல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். அஞ்சலை கையைக் காட்டினாள். குளவி எங்கேயும் கொட்டும் என்றார்கள். அவன் சார்பில் பேச, அவன் வாயை நம்பின ஒரே பெரிய மனுஷர் துரை. அவர் இல்லை.

என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் கேட்க, பெரிய கிராணி தமிழில் சொன்னார்.

"தகரத்தத் திருப்புனது யாரு?"

"மாரிமுத்துங்க."

"திருப்புனா தொரை அன்னைக்கே அங்க போவாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுங்க."

"எல்லாரையும் கேக்கல. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"குளவிக் கூட்ட நீ பார்த்தியா?"

"அஞ்சலை கை வீங்கியிருந்துச்சுங்க. மாரிமுத்து பொய் சொல்ற ஆளு இல்லீங்க. நெறைய தடவ திருப்பியிருக்கான், ஒருதடவகூட..."

பெரிய கிராணி அதையும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அதற்கு மேல் தானாகவும் ஏதோ சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவரை முறைத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"நீ பார்த்தியான்னு கேக்கிறாரு, தம்பி." அதுவரை அவர் என்னைத் தம்பி என்றதில்லை.

"நான் பாக்கலீங்க."

அது உண்மைதான். நான் சொன்ன எல்லாமே உண்மை. பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவனை விட்டிருப்பார்களா, என்னையும் சேர்த்து ஏற்றியிருப்பார்களா என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன்.  வெளியே வந்ததும் பெரிய கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் வேணாம்னு சொன்னது அந்தப் பலகையத்தான். மாரிமுத்துவ இல்ல" என்றார்.

கேட்டில் லாரி நின்றது. மாரிமுத்துவின் கையில் விலங்கு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் பல்லைக் காட்டினான். "மச்சான், எட்டாம் நம்பரு தகரத்த யாரும் தொடக் கூடாது. திருப்புனவன்தானே நேரா மாட்டணும்? வந்து மாட்டிக்கிறேன்" என்றான். நான் தலையை ஆட்டினேன். "நீ சொன்னது சரிதான்லா. பாக்காதத எப்படிப் பாத்தேன்னு சொல்லுவ?" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

தடுப்பு முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்து, பிறகு நாடு கடத்த உத்தரவு வந்தது. கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு. அஞ்சலையும் கூடப் போக வேண்டும். அவள் இந்த லயத்தில் பிறந்தவள், மலையை விட்டுத் தாப்பாவுக்கு இறங்கினதே அபூர்வம். துணி மூட்டையோடு லாரியில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள். ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். இரண்டு கையையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீக்கம் வடிஞ்சிருச்சுண்ணே. இனி காட்டுறதுக்கு அதுகூட இல்ல" என்றாள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் எனக்கு வரவில்லை.

புதுச் சின்ன துரை ஒருவர் வந்தார். பலகை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தலைகீழாகத் தொங்கின எட்டாம் நம்பர்த் தகரத்தை நேராக மாட்டு என்றார். திருப்பியவர்தான் மாட்ட வேண்டும் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. மாட்டினேன். அன்றிலிருந்து நான் தினமும் விதிகளைச் சொல்லி முடிப்பேன். "தடங்கல் உண்டா?" என்று கேட்பார். ஒவ்வொரு செட்டாக "இல்ல தொரை", "இல்ல தொரை" என்று சொல்லிவிட்டு நடக்கும். வார் அறுந்தாலும் இல்லை. ஓடைப் பாலத்தில் பலகை உளுத்துப்போனது லயம் முழுக்கத் தெரியும், ஒருத்தர் திருப்பவில்லை. கொழுந்தெடுக்கிற ராமாயி அக்கா அதில் விழுந்து கால் உடைந்த பிறகுதான் துரைக்குத் தெரிந்தது. அவர் ஆச்சரியப்பட்டார். பலகையில் எல்லாம் நேராகத்தானே தொங்கியது? வேறு தோட்டத்துத் துரைமார் வந்தால் கூட்டிவந்து பெருமையாகக் காட்டுவார். அவ்வளவு ஒழுங்கான பலகையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. 

குமார், உன் தொழிற்சாலையில் தடங்கலுக்குச் சிவப்பு அட்டை உண்டு என்றாயே. அந்த முறை நல்ல முறைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டையைத் தூக்குகிறவனுக்கு என்ன நடக்கிறது என்று பார். ஒருவரும் தூக்காத வாரம் வந்தால் சந்தோஷப்படாதே, போய் விசாரி. அப்பன் உனக்குச் சொல்லக்கூடிய தொழில் சங்கதி இவ்வளவுதான்.

மழைக்காலம் ஒன்று போனது. எட்டாம் நம்பரைத் திரும்பக் கவாத்துப் பண்ணி எடுக்க வேண்டும் என்று பெரிய துரை சொன்னார். செடி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று முதலில் பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கூட வந்த ஸ்பெசல், காலில் குண்டு பட்டவன்தான், வளைவுக்கு அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சுருட்டைப் பற்ற வைத்து நின்றுவிட்டான். நான் மட்டும் போனேன்.

மரம் கரிந்தபடியே நின்றது. காட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனேன். இடுப்பு உயரத்தில் பொந்து, வாயெல்லாம் கரி. கையை உள்ளே விட்டேன். வெளியில்தான் தீ. உள்ளே ஈரமும் படவில்லை, நெருப்பும் படவில்லை. அடுக்கடுக்காகத் தட்டு போல் குளவிக் கூடு, என் இரண்டு கை அகலம். கண்ணறை ஒவ்வொன்றிலும் புழு காய்ந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் தோட்டத்துப் பக்கமாக நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாரிமுத்து காட்டைப் பார்த்த பக்கம் என்று சொன்னானே! எல்லார் முன்னாலும் சொன்னானே! எனக்கும் அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. எடுத்தபோது கூடு கையிலேயே பொடிந்தது. பொடிந்ததை அங்கேயே விட்டுவிட்டு, செடி பரவாயில்லை என்று போய்ச் சொன்னேன். யாரிடம் காட்டுவது? கப்பல் போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகிவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் கேட்டுக்குள் போகத் தொடங்கின நேரம் பெரட்டுக் கொட்டகைக்கு வந்தேன். யாரும் இல்லை. எட்டாம் நம்பர்த் தகரத்தை ஆணியிலிருந்து எடுத்துத் தலைகீழாக மாட்டினேன். பலகைக்கு முதுகைக் காட்டி, காலையில் செட்டுகள் நிற்கிற இடத்தைப் பார்த்து நின்றேன். விதிப்படி காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும்.

"எட்டாம் நம்பரு. பொந்து மரத்துல குளவிக் கூடு இருக்கு. நான் பாத்தேன்."

மூடுபனி கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தது. கேட் மணி அடித்தது. திரும்பி, தகரத்தை எடுத்து, நேராக மாட்டிவிட்டு வேலிக்குள் போனேன்.